தம்பிக்குப் பால் கொடுத்த அக்கா

போதகர் வீட்டில் பிறந்த பிள்ளைகளுக்கு ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கம் சனிக்கிழமையே தெரிந்துவிடும். உங்களில் அப்படிப் பிறந்தவர்கள் இதை வாசித்துச் சிரிப்பீர்கள். எங்கள் அப்பா சனிக்கிழமை பின்னேரம் குசினி வாசற்படியில் உட்கார்ந்து வீட்டிலுள்ள எல்லோருடைய சப்பாத்துகளுக்கும் கறுப்பு மை பூசுவார். பூசிக்கொண்டே பிரசங்கத்தைச் சொல்லிப் பார்ப்பார். நல்ல இடம் வந்தால் பிரஷ் வேகமாக ஓடும். சிக்கல் வந்தால் நின்றுவிடும். அம்மா அரிசி களைந்தபடியே, "அந்தக் கதை போன மாதமும் சொன்னனீங்கள்" என்பார். அப்பா அசடு வழியச் சிரித்துவிட்டு வேறு கதை தேடுவார்.

போன தடவை நம் முதியோர் சங்கத்தில் நாமெல்லாம் கூடியபோது உங்களில் ஒருவர் என்னிடம் கேட்டீர்கள்: "உங்கட அப்பா யாழ்ப்பாணத்து ஆள். ஓய்வு எடுத்த பிறகும் ஏன் கண்டியை விட்டுப் போகவில்லை?" அன்று மலைக் காற்று அவருக்கு ஒத்துக்கொண்டது என்று ஏதோ சொல்லி மழுப்பினேன். மூட்டுவலியையும் பேரப்பிள்ளைகளையும் பற்றி மட்டுமே பேசிக்கொண்டிருக்கும் வயது நமக்கு வந்துவிட்டது. கேட்டவருக்கு உண்மையான பதிலைச் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றுகிறது.

எங்கள் வீடு மஹய்யாவ மேட்டில், மாத்தளை ரயில் சுரங்கத்துக்குள் நுழைகிற இடத்துக்கு மேலே இருந்தது. ரயில் உள்ளே போனதும் அலுமாரிக்குள் பீங்கான் கோப்பைகள் மெல்லக் கிலுகிலுக்கும். அந்த அலுமாரியை இப்போது யார் வைத்திருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது. அதைத் திறந்தால் வரும் பூச்சி உருண்டை வாசம் மட்டும் இன்னும் என் மூக்கில் இருக்கிறது. அப்பாவின் கறுப்புக் கோட்டில் அந்த வாசத்தோடு மழை வாசமும் கலந்திருக்கும். மாதத்தில் ஒருநாள் அவர் அந்தக் கோட்டைப் போட்டுக்கொண்டு வத்தேகம ரயிலேறி, அங்கிருந்து தேயிலைத் தோட்டம் தோட்டமாக நடந்து போய் ஆராதனை நடத்திவிட்டு வருவார். வரும்போது கோட்டுப் பைகளில் கொய்யாப்பழம் இருக்கும்.

எங்கள் தேவாலயத்தைக் கோயில் என்றுதான் சொல்வோம். முன் வாங்குகளில் உட்காருவது அரசாங்கக் கச்சேரி அலுவலகத்திலும் ரயில்வேயிலும் வேலை செய்யும் கிளாக்கர்மார், பள்ளிக்கூட வாத்தியார்மார், அவர்களின் குடும்பங்கள். அநேகம் பேர் எங்களைப் போல வடக்கிலிருந்து வந்தவர்கள். பின் வாங்குகளில் மேட்டுக்குக் கீழே வரிசை அறைகளாக இருந்த லயத்துக் குடும்பங்கள். தெருக்கூட்டவும் குப்பை வண்டி ஓட்டவும் நகரசபை வேலைக்கென்று அவர்களுடைய பாட்டன்மாரை இந்தியாவிலிருந்து கொண்டுவந்திருந்தார்கள். சாதி என்ற சொல்லை எங்கள் கோயிலில் யாரும் வாயால் சொல்லமாட்டார்கள். "லயத்து ஆக்கள்" என்பார்கள். எல்லாம் அதற்குள் அடங்கிவிடும்.

முப்பத்துநாலாம் ஆண்டு மழை பொய்த்தது. கட்டுகஸ்தோட்டைப் பாலத்தடியில் மகாவலி கல்லும் குட்டையுமாகக் கிடந்தது. குட்டைகளில் நுளம்பு பெருகியது. பிறகு காய்ச்சல் வந்தது. நம் வயதுக்காரர் யாருக்கும் அந்த மலேரியாக் காலத்தை விளக்கத் தேவையில்லை. கொயினா மருந்தின் கசப்பு நம் எல்லோருடைய நாக்கிலும் ஒன்றுதான். அப்பா சனிக்கிழமைகளில் பிரசங்கம் சொல்லிப் பார்ப்பதை விட்டுவிட்டார். நாளுக்கு நாள் சவ அடக்கம். சப்பாத்துகளில் மையை விட இடுகாட்டுச் செம்மண்தான் அதிகம் இருந்தது.

அந்தக் காய்ச்சலுக்குள்தான் என் தம்பி பிறந்தான். அம்மாவுக்குப் பிள்ளை பிறந்த சில நாட்களிலேயே குளிர் நடுக்கம் தொடங்கியது. பால் வற்றிப்போயிற்று. ஆஸ்பத்திரி அப்போதிக்கரி வந்து பார்த்துவிட்டு டின்பால் கொடுக்கச் சொன்னார். படகு மாதிரி வளைந்த கண்ணாடிப் போத்தல் ஒன்று வாங்கினோம். தம்பி குடிப்பான், குடித்ததையெல்லாம் என் தோளிலேயே கக்குவான். எனக்குப் பத்து வயது. அவனைத் தூக்கி வைத்திருப்பது என் வேலை. ஒவ்வொரு நாளும் அவன் பாரம் குறைவது என் கைகளுக்குத் தெரிந்தது.

மருத்துவிச்சிதான் சொன்னார்: "லயத்துல ஒரு பொண்ணு இருக்குங்க. இப்பத்தான் அது புள்ள காய்ச்சல்ல போச்சு. மார்ல பால் கட்டிக்கிட்டுத் துடிக்குது."

அப்பா தலையில் கை வைத்துக்கொண்டார். "அந்தப் பிள்ளையை நான்தான் அடக்கம் செய்தனான். எந்த முகத்தோட போய்க் கேக்கிறது?"

"நீங்கள் கேக்க வேண்டாம்," என்றார் அம்மா கட்டிலில் இருந்தபடியே. "அவவை இஞ்ச கூட்டிவரச் சொல்லுங்கோ. நான் கேக்கிறன்."

லயத்திலிருந்து அந்த அக்கா வந்து குசினி வாசலோடு நின்றுவிட்டார். இருபது வயது இருக்கும். மெலிந்த உடம்பு, சிவந்த கண்கள். நகரசபைக் குப்பை வண்டி ஓட்டும் ஒருவரின் மனைவி. அம்மா அறைக்குள் கூப்பிட்டார். வந்து நிலத்தில் குந்தினார்.

"கதிரையில இரு, பிள்ளை."

"வேணாங்கம்மா. கீழயே சௌரியமா இருக்கு."

"அப்ப நானும் கீழ இறங்கிறன்," என்று அம்மா போர்வையை விலக்கினார். அக்கா பதறி எழுந்து கதிரையின் நுனியில் உட்கார்ந்தார்.

"உன்ர துக்கத்துக்குள்ள இதைக் கேக்கிறன் எண்டு கோவிக்காத," என்றார் அம்மா. "எனக்கு வேற வழி இல்லை."

அக்கா கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்தார். என்னிடம் கை நீட்டினார். தம்பியைக் கொடுத்தேன். அவன் முதலில் முகத்தைத் திருப்பினான், பிறகு பற்றிக்கொண்டான். அவன் விழுங்கும் சத்தம் அறை முழுவதும் கேட்டது. அக்காவின் கன்னத்தில் கண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. அம்மாவும் அழுதார். பிள்ளை பால் குடிக்கும்போது ஏன் இரண்டு பேரும் அழுகிறார்கள் என்று எனக்குக் கோபம் வந்தது.

அதன்பிறகு காலை, மத்தியானம், பின்னேரம் என்று அக்கா மேடேறி வருவார். அவருடைய சேலையில் விறகுப் புகையும் தேங்காயெண்ணெயும் கலந்த வாசம் இருக்கும். தம்பியை "ராசா" என்றுதான் கூப்பிடுவார். ஒருநாள் அவன் கன்னத்தில் மையால் பெரிய பொட்டு வைத்துவிட்டார், கண் படக்கூடாதாம். திருஷ்டியை எதிர்த்துப் பிரசங்கித்த அப்பா அந்தப் பொட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார். "இருக்கட்டும்," என்றார் அம்மா. அப்பா உள்ளே போய்விட்டார். தம்பியின் தொடைகளில் மடிப்பு விழுந்தது. அம்மாவும் மெல்ல எழுந்து விறாந்தை வரை நடக்கத் தொடங்கினார்.

சபையின் மூப்பர் வீட்டுக்கு வந்தது அந்த நாட்களில்தான். அவர் கச்சேரியில் பெரிய கிளாக்கர். அவரைப் பற்றிக் கெட்டதாக நினைத்துவிடாதீர்கள். அம்மாவுக்குக் காய்ச்சல் ஏறிய நாளில் தன் காரை அனுப்பி அப்போதிக்கரியைக் கூட்டிவந்தவர் அவர்தான். கொயினாக் குளிசை தட்டுப்பாடாக இருந்தபோது தன் வீட்டுக்கு வாங்கியதில் பாதியை எங்களுக்குக் கொடுத்தவரும் அவர்தான். அன்றும் ஒரு கூடை தோடம்பழத்தோடு வந்தார்.

"ஐயா, வாற ஞாயிறு திருவிருந்து," என்றார். "லயத்தில காய்ச்சல் கூட. எல்லாரும் ஒரே கிண்ணத்தில குடிக்கிறது சுகாதாரத்துக்குக் கூடாது. அவைக்கு வேற கிண்ணம் வைப்பம்."

"காய்ச்சல் உங்கட வீட்டிலயும் இருக்கு, என்ர வீட்டிலயும் இருக்கு," என்றார் அப்பா.

"ஓம் ஐயா. ஆனா ஆக்கள் கதைக்கினம். அந்தப் பெட்டை உங்கட வீட்டுக்குள்ள வந்து போறதையும் சேத்துத்தான் கதைக்கினம். கிண்ணத்தைப் பிரிச்சால் கதை அடங்கும். இல்லாட்டி பாதிச் சனம் வேற கோயிலுக்குப் போயிடும். சபை உங்கட கையில உடையக் கூடாது."

கீழே ஒரு ரயில் சுரங்கத்துக்குள் நுழைந்தது. கோப்பைகள் கிலுகிலுத்து அடங்கின.

"காய்ச்சல் முடியுமட்டும்," என்றார் அப்பா.

மூப்பர் போன பிறகு அம்மா கேட்டார்: "இஞ்சேருங்கோ, கிண்ணத்தாலயே காய்ச்சல் வருது?"

"நுளம்பால வருது எண்டு எனக்குத் தெரியும்."

"அவருக்கும் தெரியும்."

"தெரியும். ஆனா சபை உடைஞ்சால் ஒட்ட வைக்கேலாது. கொஞ்ச நாளைக்குத்தானே."

தோடம்பழக் கூடையை அம்மா குசினிப் பக்கம் தள்ளி வைத்தார்.

பிள்ளை பெற்ற பிறகு அம்மா கோயிலுக்கு வந்த முதல் ஞாயிறு அது. வெள்ளைச் சேலை உடுத்தி முன் வாங்கில் என்னருகே உட்கார்ந்தார். மேசையில், திருவிருந்தில் திராட்சரசம் கொடுக்கும் வெள்ளிக் கிண்ணத்துக்குப் பக்கத்தில், அப்பா வத்தேகமத் தோட்டங்களுக்குக் கொண்டுபோகும் சின்ன நிக்கல் கிண்ணம் இருந்தது. முன் வாங்கு ஆட்கள் எழுந்து போய் முழங்காலிட்டார்கள். அம்மா எழும்பவில்லை. உடம்பு முடியவில்லை என்று எல்லோரும் நினைத்தார்கள். அப்பா இரண்டு தடவை இந்தப் பக்கம் பார்த்தார். வரிசை வரிசையாக எல்லோரும் முடிந்து, கடைசியில் லயத்துக் குடும்பங்கள் வந்தன. அப்பா வெள்ளிக் கிண்ணத்தை வைத்துவிட்டு மற்றதை எடுத்தார். அதைப் பார்த்ததும் ஒரு கிழவர் திரும்பித் தன் இடத்துக்கே போனார். அந்த அக்கா தலையைக் குனிந்துகொண்டு முழங்காலிட்டார்.

அப்போது அம்மா தம்பியை என் மடியில் வைத்தார். சுவரைப் பிடித்துப் பிடித்து நடந்து போய் அக்காவுக்குப் பக்கத்தில் நின்றார்.

"அம்மா, நீங்க எதுக்கு இங்க…" என்றார் அக்கா மெதுவாக.

"கொஞ்சம் தள்ளி இரு, பிள்ளை. எனக்கும் இடம் வேணும்."

கோயில் அவ்வளவு அமைதியாக இருந்ததால் அது எல்லோருக்கும் கேட்டது. அம்மா முழங்காலிட்டார். அக்கா குடித்த பிறகு அதே கிண்ணத்தை அப்பா அம்மாவிடம் கொடுத்தார். அம்மா குடித்தார்.

அன்று மத்தியானம் அப்பா சாப்பாட்டில் கையை வைத்துவிட்டு எழுந்துவிட்டார். "என்னைச் சபைக்கு முன்னால குற்றவாளியாக்கிப் போட்டீர்," என்றார்.

"நான் உங்களோட சண்டைக்கு வரேல்ல," என்றார் அம்மா. "என்ர பிள்ளைக்குப் பால் குடுத்தவவோட போய் முழங்காலில நிண்டன். வேறொண்டும் இல்லை."

அவர்கள் இருவரும் அதற்கு முன்பு சண்டை பிடித்து நான் பார்த்ததில்லை. சரிசெய்துகொள்ள அவர்களுக்குக் காலமும் கிடைக்கவில்லை. அந்தக் காய்ச்சல் ஒருமுறை விட்டுவிட்டுத் திரும்பவும் வரும் என்பது உங்களுக்குத் தெரியும். அம்மாவுக்குத் திரும்ப வந்தபோது உடம்பில் தாங்குவதற்கு ஒன்றும் மிச்சம் இருக்கவில்லை. ஒரு விடியற்காலையில், அக்கா தம்பிக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்த அறையிலேயே, அம்மா போய்விட்டார். பெட்டியின் தலைமாட்டைத் தூக்கிப் போனவர் மூப்பர். வழியெல்லாம் அவர் அழுதார்.

அம்மாவை மஹய்யாவ இடுகாட்டில் வைத்துவிட்டு வந்த பிறகுதான் அந்தப் பேச்சுத் தொடங்கியது. அந்தக் கிண்ணத்தில் குடித்ததால்தான் அம்மாவுக்குக் காய்ச்சல் திரும்பியது என்றார்கள். முதலில் கிணற்றடியில் பேசினார்கள். பிறகு எங்கள் விறாந்தையிலேயே பேசினார்கள்.

"அம்மாவை இழந்தது போதும் ஐயா," என்றார் மூப்பர். "அந்தப் பெட்டையிட்டப் பால் குடிக்க விட்டுப் பிள்ளையையும் இழக்காதேங்கோ. ஊருக்கு அனுப்புங்கோ."

அவர் அதை நம்பித்தான் சொன்னார். நுளம்பைப் பற்றிப் பேப்பரில் வாசித்த மனிதர் பயத்தில் அதை மறந்திருந்தார். அப்பாவும் மறந்தார். அல்லது மறக்க விரும்பினார். கிண்ணம்தான் காரணம் என்றால், தான் வைத்த கிண்ணம்தானே என்ற எண்ணம் அவரை எங்கு கொண்டுபோயிருக்கும் என்று இப்போது யோசிக்கிறேன். அந்த நாட்களில் அவர் ஜெபம் பண்ணும்போது வாய் அசையும், சத்தம் வராது.

யாழ்ப்பாணத்திலிருந்து அப்பாவின் தமக்கை, என் மாமி, வந்தார். அப்பா குசினி வாசலில் நின்று அக்காவிடம் சொன்னார்: "நாளைக்குத் தம்பியை ஊருக்குக் கொண்டுபோகினம், பிள்ளை. நீ இனி வரத் தேவையில்லை."

"அங்க யாருங்க பால் குடுப்பாங்க?"

"டின்பால் இருக்கு."

"அது ராசாவுக்கு ஒத்துக்காதுங்களே ஐயா."

அப்பா உள்ளே திரும்பிவிட்டார். அக்கா கொஞ்ச நேரம் நின்றுவிட்டு மேட்டிலிருந்து இறங்கிப் போனார்.

மறுநாள் காலை கண்டி ஸ்டேஷனில் ரயில் புறப்படக் காத்திருந்தது. பொல்காவலையில் மாறி யாழ்ப்பாண ரயில் ஏறவேண்டும். மாமி பெட்டிக்குள் யன்னலோரம் தம்பியை மடியில் வைத்திருந்தார். நானும் அப்பாவும் மேடையில் நின்றோம். அப்போதுதான் கண்டேன், அக்கா வேலியோரத்துத் தூணுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். கிட்ட வரவில்லை. வா என்று யாரும் சொல்லவில்லை. அப்பா அவரைக் கண்டார் என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் உடனே மறுபக்கம் திரும்பிக்கொண்டார்.

தம்பி பசித்து அழத் தொடங்கினான். மாமி போத்தலை வாயில் வைத்தார். அவன் தள்ளிவிட்டுக் கத்தினான். நான் அக்காவைப் பார்த்தேன். அவருடைய இரவிக்கையின் முன்பக்கம் நனைந்துகொண்டு வந்தது. இரண்டு வட்டமாகத் தொடங்கி, பெரிதாகி, சேலை முந்தானையும் நனைந்தது. தண்ணீர் குடிக்கும்போது மேலே ஊற்றிக்கொண்டார் என்று நினைத்தேன். அவர் கையில் தண்ணீர் எதுவும் இருக்கவில்லை. முந்தானையை மார்போடு அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றார். ரயில் புறப்பட்டது. தம்பியின் அழுகை தூரத்துக்குப் போகப் போக அவர் இரண்டு அடி முன்னால் வந்தார், பிறகு நின்றுவிட்டார்.

நான் பிள்ளை பெற்ற பிறகு, அடுத்த அறையில் என் மகன் அழுதபோது என் இரவிக்கை நனைந்தது. அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது. கட்டிலில் உட்கார்ந்து நான் அழுததைப் பார்த்து என் வீட்டுக்காரர் பயந்துபோனார்.

தம்பி அதிக காலம் இருக்கவில்லை. வயிற்றோட்டம். மழை திரும்ப வந்து, குட்டைகள் வெள்ளத்தில் அடித்துப்போய், கண்டியில் காய்ச்சல் அடங்கிக்கொண்டு வந்த நேரத்தில்தான் தந்தி வந்தது.

பிறகு நடந்ததை இங்கேயே சொல்லிவிடுகிறேன். அடுத்த திருவிருந்துக்கு அப்பா மேசையில் வெள்ளிக் கிண்ணம் ஒன்றைத்தான் வைத்தார். முதலில் லயத்துக் குடும்பங்களைக் கூப்பிட்டார். மூப்பரும் பாதி வாங்குகளும் எழுந்து வெளியே போனார்கள். சபை உடைந்தது. சிலர் காலப்போக்கில் திரும்பி வந்தார்கள்; மூப்பர் மனைவியை இழந்த பிறகு வந்தார், பேசாமல் கடைசி வாங்கில் உட்கார்ந்தார். குப்பை வண்டிக்காரர் ஒவ்வொரு ஞாயிறும் வந்தார். அக்கா மட்டும் வரவில்லை. எங்களை ரோட்டில் கண்டால் சிரிப்பார், நலம் விசாரிப்பார். கோயிலுக்கு மட்டும் வரமாட்டார். அப்பாவும் ஒருநாளும் வரச்சொல்லி அவரை வற்புறுத்தவில்லை.

ஓய்வு எடுத்த பிறகு, என் வீட்டு விறாந்தையில் ஒருநாள் அப்பா தானாகச் சொன்னார்: "தலைமை எண்டால் எல்லாரையும் ஒண்டாய் வைச்சிருக்கிறது எண்டு நினைச்சன் மகள். ஆரை வெளியில விட்டுட்டு ஒண்டாய் வைச்சிருக்கிறன் எண்டு பாக்கேல்ல. மந்தையைக் காக்கிறன் எண்டு நினைச்சு வேலியைத்தான் காத்திருக்கிறன்." ஊருக்குப் போய் இருக்கலாமே என்று கேட்டேன். "அங்க போய் என்ன சொல்லுறது? நான் பதில் சொல்ல வேண்டிய ஆள் இஞ்சதான் இருக்கிறா," என்றார். இதுதான் நீங்கள் கேட்டதற்குப் பதில்.

அவர் பதில் சொல்ல முடியாமல் போனது, அந்தத் தந்தி வந்த நாளில்.

தந்தியை வாசித்துவிட்டு அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டு மேட்டிலிருந்து இறங்கினார். கோட்டுப் போடவில்லை. பின்னேர மழை விட்டிருந்தது. லயத்தின் பொதுக் குழாயில் பெண்கள் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தார்கள். போதகர் அந்த நேரத்தில் வருவதைக் கண்டு வழிவிட்டார்கள். அக்கா தன் அறை வாசலில் சுளகில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். எங்களைக் கண்டதும் எழுந்தார். அப்பா நிலத்தில் உட்கார்ந்தார்.

"ஐயா, ஈரமா இருக்குங்க. சாக்காவது போடுறேன்."

"வேண்டாம், பிள்ளை. இரு." அப்பா என்னையும் பக்கத்தில் இருத்தினார். "தம்பி மோசம் போயிட்டான்."

அக்கா மெல்லக் குந்தினார். சுளகு கையிலேயே இருந்தது. உள்ளே இருந்து வந்த அவருடைய கணவர் கதவோடு சாய்ந்து நின்றார். அக்கா அழுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டுவார் என்றும் பயந்தேன். அவர் கேட்டது இதுதான்:

"போறப்ப ராசா யாரு மடியில இருந்தாருங்க, ஐயா?"

அப்பா வாயைத் திறந்தார். தந்தியில் அது இல்லை. கேட்டு எழுத வேண்டும் என்று அவருக்குத் தோன்றவும் இல்லை. மரணப் படுக்கைகளில் எத்தனையோ பேருக்கு ஆறுதல் சொன்ன மனிதர், ஈர மண்ணைப் பார்த்துக்கொண்டு இருந்தார்.

"எனக்குத் தெரியாது, பிள்ளை," என்றார்.

அக்கா சுளகைக் கீழே வைத்தார். என்னைக் கையைப் பிடித்து இழுத்துத் தன் மடியில் இருத்திக்கொண்டார். பத்து வயதுப் பிள்ளைக்கு அந்த மடி போதவில்லை. என் கால்கள் வெளியே நீண்டு சேற்றில் கிடந்தன. அவர் என்னைச் சின்னப் பிள்ளையை ஆட்டுவது போல ஆட்டத் தொடங்கினார். குழாயடிப் பெண்கள் போய்விட்டார்கள். அப்பா எழும்பாமல் அங்கேயே உட்கார்ந்திருந்தார்.